நல்ல தண்ணீரில் மூழ்கிய படகு

நான் செய்த நீர்மூழ்கிப் படகு எங்கள் ஊர்க் குளத்தில் மூழ்கிப்போனதைப் பற்றி மேலத்தெருவும் எங்கள் தெருவும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. நான் வேண்டுமென்றே மூழ்கடித்தேனாம். மேலத்தெரு அதைக் குற்றமாகச் சொன்னது. எங்கள் தெரு பெருமையாகச் சொன்னது. இரண்டு தெருவும் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், அதுவும் பொய். மூழ்குவதற்கென்றே செய்த படகு மூழ்கியதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். மூழ்கினால் எழுந்து வர வேண்டும், அதுதான் வித்தை. என்னுடையது எழவில்லை. தப்பு என்னுடையது. இதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஆட்களுக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிற பூமியில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அரசாங்கம் ஒரு கைபம்பு போட்டுக் கொடுத்திருந்தது. அதில் வந்தது உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாயில் வைத்தால் துப்பத்தான் வேண்டும். குடிக்கிற தண்ணீர் குளத்தில் இருந்தது. குளம் பஞ்சாயத்துக்குச் சொந்தம் என்று காகிதம் சொல்லும். வழக்கம் வேறு சொல்லும். எங்கள் தெருப் பெண்கள் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும். மேலத்தெருவிலிருந்து குளிக்கவோ தண்ணீர் எடுக்கவோ வருகிறவர்கள், மனம் வந்தால், மொண்டு ஊற்றுவார்கள். அம்மா சில நாள் காலையில் போய் உச்சிவெயிலில் திரும்புவாள். சில நாள் காலிக் குடத்தோடு திரும்புவாள்.

ஆனால் சித்திரையில் குளம் வற்றிவிட்டால் சட்டம் தலைகீழாகிவிடும். தூர் வார எங்களைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் சேற்றில் இறங்கி வண்டலை வெட்டிக் கூடை கூடையாகக் கரையேற்றுவோம். எனக்குப் பதினொரு வயதிலிருந்து அந்தக் குளத்தின் அடி தெரியும். எந்த மூலையில் பள்ளம், எந்த இடத்தில் களிமண், எங்கே கால் வைத்தால் உள்ளே இழுக்கும் என்பதெல்லாம் என் காலுக்குப் பாடம். வறண்ட குளத்தில் எங்கள் கால் படலாம், நிறைந்த குளத்தில் படக்கூடாது. இந்த நியாயத்தை எனக்கு விளக்கிச் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை.

அது கரைவேட்டிகள் மாறி மாறிக் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எந்தக் கரை போனாலும் மேடையில் பேசியது ஒன்றுதான்: எல்லோரும் சமம். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம், ஏனென்றால் அந்த மேடைகளின் ஆம்ப்ளிபயரைப் பழுது பார்த்தது நான். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு, கீழ்வேளூர்க் கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடையில் வேலை செய்தேன். என் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் ரேடியோவைப் பிரித்துப் பழுது பார்த்துக் கையில் கொடுப்பேன்.

குளத்தை ஒட்டிய நிலமெல்லாம் மேலத்தெருப் பெரியவர் ஒருவருடையது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மச்சான், மாப்பிள்ளை, கணக்குப்பிள்ளை என்று ஆள் ஆளுக்கு எழுதிவைத்து ஒரு காணியும் போகாமல் பார்த்துக்கொண்டவர். அவர் வீட்டுப் பூனைக்கும் பட்டா இருக்கிறது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கூலிப் போராட்டத்தில் அவரை எதிர்த்து நின்று ஜெயிலுக்குப் போய் வந்தவர் என் அப்பா. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அப்பாவுக்கு நல்ல மரியாதை. குளத்தைப் பற்றிச் சங்கம் பல தடவை தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானங்கள் ஒரு நோட்டில் பத்திரமாக இருந்தன.

அந்தப் பெரியவரின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பொம்மைப் படகு கொண்டுவந்தார். கையில் ஒரு பெட்டி, பெட்டியில் இரண்டு விசை. ஒன்று முன்னே பின்னே ஓட்டும், இன்னொன்று இடம் வலம் திருப்பும். கம்பி எதுவும் இல்லாமல் படகு குளம் முழுக்க ஓடியது. நாங்கள் சாலையில் நின்று பார்த்தோம். நாலு நாளில் உள்ளே தண்ணீர் புகுந்து செத்துப்போய், அது எங்கள் கடைக்கு வந்தது. மோட்டார் கருகியிருந்தது. சரி பண்ணினாலும் நிலைக்காது என்று முதலாளி சொன்னார். "தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மருமகன் போய்விட்டார். நான் தூக்கிப் போடவில்லை. ரேடியோ பாகம் உயிரோடு இருந்தது.

அதை வைத்து இன்னொரு படகு செய்திருக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. தண்ணீரின் மேல்பரப்பு அவர்களுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். குளத்தின் அடி எங்களுடையது, வருஷா வருஷம் அதைத் தோண்டியவர்கள் நாங்கள். என் படகு அடியில்தான் போகும் என்று முடிவு செய்தேன். முதலாளி கேட்டுவிட்டு, "உனக்குக் கிறுக்கா?" என்றார். "ஆமாங்க" என்றேன். கடையில் வேலை கெடாமல் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

உடம்புக்கு, போர் போடுகிறவர்கள் வெட்டி எறிந்த நாலு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் கிடைத்தது. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. முன்மூக்குக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒன்று அச்சாகப் பொருந்தியது. அம்மா அதை ஒரு மாதம் தேடினாள். பின்பக்கத்துக்கு மரத்தில் ஒரு மூடி கடைந்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இடையில் வைத்து முடுக்கினேன். விசிறியின் அச்சுக்குச் சைக்கிள் கம்பி ஒன்றைப் பித்தளைக் குழலுக்குள் விட்டு, சுற்றிலும் கிரீஸ் அடைத்தால் தண்ணீர் புகாமல் சுழலும்; அதைச் சுற்ற ஒரு டேப் ரிக்கார்டர் மோட்டார். பழைய பித்தளைத் தட்டை வெட்டி மூன்று இதழ் விசிறி. அதைச் சரியான சாய்வில் முறுக்கவே எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

மூழ்கி எழுவதற்கு ஒரு வயிறு வேண்டும். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கெஞ்சி, மாட்டுக்கு மருந்தேற்றும் பெரிய ஊசிக் குழல் ஒன்று வாங்கினேன். ஒரு முட்டை அளவுத் தண்ணீர் பிடிக்கும். இன்னொரு டேப் ரிக்கார்டர் மோட்டார் மரையாணியைச் சுற்றும், ஆணி பிஸ்டனை இழுக்கும், ஊசி தண்ணீர் குடிக்கும், படகு கனத்து அமிழும். மறுபக்கம் சுற்றினால் துப்பும், படகு எழும். இதற்கு ஒரு விசை தேவைப்பட்டது. இருந்தது இரண்டு. திருப்புகிற விசையைப் பிடுங்கி வயிற்றுக்குக் கொடுத்தேன். அதனால் என் படகுக்கு வளையத் தெரியாது. நேராகப் போகும், அடியில் போகும். எனக்கு அது போதும்.

அடிக்கனத்துக்கு ஈயம் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து மீன் கூடை கொண்டுவரும் அக்கா, வலையில் கோக்கிற ஈயக் குண்டுகளை ஒரு சுருக்குப்பை நிறையக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "எங்க ஆளுங்க மேல மெதக்குறதுக்கே சாமியக் கும்புடுறாங்க. நீ என்னடி முங்குறதுக்குக் கப்பல் கட்டுற" என்றார்.

சோதனைக்குத் தார் டிரம் ஒன்றைக் கொல்லையில் நிறுத்திக் கைபம்புத் தண்ணீரால் நிரப்பினேன். ஊசி காலியாக இருந்தால் முதுகு வெளியே தெரிய மிதக்க வேண்டும். நிரம்பினால் சந்தடியில்லாமல் இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு முட்டைத் தண்ணீர்தான். ஈயக் குண்டை ஒவ்வொன்றாக வைத்து, எடுத்து, சீவி வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன். ஒரு சாண் ஆழம் போனதுமே ரேடியோ செத்துவிடும். என் ரிசீவரில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை பிரித்துச் சேர்த்தேன். கடைசியில், ஆண்டெனாக் கம்பியை நீளமாக விட்டு நுனியில் ஒரு தக்கையைக் கட்டி மேலே மிதக்கவிட்டதும் சரியாயிற்று. உப்பு, ரேடியோ அலையைக் குடித்துவிடும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. டிரம்மில் படகு சொன்னபடி இறங்கி, சொன்னபடி ஏறியது. கொல்லையில் தனியாக நின்று சிரித்தேன்.

மாசியில், சம்பா அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படகைத் தோளில் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். தெருவே பின்னால் வந்தது. அப்பாவும் வந்தார். குளத்தின் ஒரு பக்கம் சாலை, சாலையில் மதகுச் சுவர். அதன்மேல் நின்று, படகை இறக்கக் கயிற்றில் தொட்டில் கட்டினேன். எதிர்ப் படித்துறையில் பெரியவர் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா அது?" என்றார்.

"நீர்மூழ்கிப் படகு, சார்."

எங்கள் தெருவில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். கடையில் எல்லோரையும் நான் சார் என்பேன். அவரையும் அப்படியே அழைத்தேன். அது அவருக்குத் தைத்தது தெரிந்தது.

"கொளத்துல எறங்கப் போறியா?"

"நான் எறங்கல சார். நான் ரோட்டுல நிக்கிறேன், ரோடு கவர்மெண்டுது. படகுதான் எறங்கும்."

அவர் கூட நின்றவர்கள் முறைத்தார்கள். அவர் சிரித்துவிட்டார். "விடட்டும்டா. பொம்மைக்கு என்னா தீட்டு?"

கயிற்றை இறக்கினேன். படகு மிதந்தது. ஆனால் டிரம்மில் மிதந்ததைவிடத் தாழ்ந்து மிதந்தது. முதுகு சரியாகத் தெரியவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தவுடன் கயிற்றை இழுத்திருக்க வேண்டும். எதிரே அவர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது படகை வெளியே எடுப்பதா என்ற திமிர் விடவில்லை. முன் விசையைத் தள்ளினேன். படகு தொட்டிலிலிருந்து நழுவிக் குளத்தின் நடுவை நோக்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. பெரியவரின் கையில் துண்டு அப்படியே நின்றது. அந்த அரை நிமிடத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

நடுக்குளத்தில் இரண்டாவது விசையைத் தட்டினேன். மெல்ல இறங்க வேண்டியது, கல்லைப் போட்டதுபோல் போயிற்று. தக்கை மட்டும் மேலே ஆடியது. விசையை மறுபக்கம் தள்ளினேன். தக்கை ஒருமுறை அசைந்து அடங்கியது. அடிச்சேறு படகைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. திரும்பத் திரும்பத் தள்ளினேன். எதிர்க்கரையில் சிரிப்பு கிளம்பியது, எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியவர் சிரிக்கவில்லை. "விடு புள்ள" என்றார். "சித்திரையில தண்ணி வத்தும். தூர் வார வருவீங்கல்ல, அப்ப எடுத்துக்க."

கேலியாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் உண்மையாகவே எனக்கு யோசனை சொன்னார். காது கொதித்தது. கையிலிருந்த பெட்டியை அப்பாவிடம் கொடுத்தேன்.

"வேணாம்மா" என்றார் அப்பா. "சங்கத்துல பேசுவோம். எல்லாரும் சேந்து எறங்குவோம்."

"எத்தனை தீர்மானம்ப்பா போட்டாச்சு?"

அப்பா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதகின் ஓரமாகத் தண்ணீரில் இறங்கினேன்.

பயமாக இருந்தது. படித்துறையில் கூச்சல் கிளம்பியது. இரண்டு பேர் தண்ணீருக்குள் ஓடிவந்து, என்னை நெருங்கியதும் நின்றுவிட்டார்கள். என்னைத் தடுக்க வேண்டுமானால் என்னைத் தொட வேண்டும். அதற்கும் அவர்கள் சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை. மார்பளவு ஆழத்தில் தக்கையைப் பிடித்தேன். கம்பி வழியே இறங்கி, கால் விரலால் படகைக் கண்டுபிடித்து, முங்கி இரண்டு கையாலும் பிடுங்கினேன். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போயிற்று. இனித்தது. யாரும் ஊற்றாமல் நான் குடித்த முதல் வாய் அது.

அன்று சாயங்காலம் படகின் சேற்றைக் கழுவியபடி, எங்கே தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈயம் இடம் மாறவில்லை. அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"டிரம்முல என்னா தண்ணி ஊத்துன?"

"பம்புத் தண்ணிதான்."

"உப்புல மெதந்தது நல்ல தண்ணில முங்காம என்னாடி செய்யும்? வெதநெல்லு பாத்ததில்லையா நீ?"

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க உப்பைக் கரைத்து அதில் கொட்டுவார்கள். வெறும் தண்ணீரில் அமிழ்ந்துவிடும் அரைகுறை நெல்கூட உப்புத் தண்ணீரில் மேலே வந்துவிடும், அதை அள்ளிப் போட்டுவிட்டு அடியில் கிடப்பதை விதைப்பார்கள். அம்மா வருஷா வருஷம் செய்கிற வேலை அது. ஐ.டி.ஐ. படித்தவளுக்குத் தோன்றவில்லை. நல்ல தண்ணீர் ஒரு டிரம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை, ஒரு குடத்துக்கே அம்மா அரைநாள் நின்றாள். உப்பைத்தான் தண்ணீர் என்று நினைத்து அளந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து மேலத்தெரு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியது. உளுந்து பறிக்கவும் எங்கள் தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. பெண்கள் ஒன்றரை மைல் நடந்து வாய்க்காலில் மீதி நின்ற தண்ணீரை மொண்டு வந்தார்கள். "ஒம் பொண்ணாலதான்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அம்மா, "ஆமா, எம் பொண்ணாலதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பெரியவர் தரப்பில் மனு போயிற்று: கலகம் செய்யத் திட்டம் போட்டு, படகை வேண்டுமென்றே மூழ்கடித்து, அதைச் சாக்காக வைத்துக் குளத்தில் இறங்கினாள். மூன்று வாரம் கழித்து தாசில்தார் விசாரணைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் அப்பா சொன்னார்: "தெரிஞ்சேதான் முங்கவுட்டேன்னு சொல்லு. பேரு நிக்கும். சங்கம் பாத்துக்கும்."

"நான் பண்ணுன தப்ப நான்தான் சொல்லுவேன்."

"தப்புன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்ப்பா. அவங்க எழுதுன பொய்ய நான் வந்து உண்மையாக்கணுமா?" என்றேன்.

தாசில்தார் ஜீப்பில் வந்து மதகருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். மனுவைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"வேணும்னே முங்க வச்சியாம்மா?"

"இல்லைங்க சார். உப்புத் தண்ணில எடை பார்த்துட்டேன். இது நல்ல தண்ணி, கனம் கம்மி. படகைத் தாங்கல. எங்கிட்ட அளந்து பாக்க நல்ல தண்ணி இல்லை. இவங்க எல்லாம் வெவசாயிங்க, வெதநெல்லுக்கு உப்புக் கரைக்கிறவங்க. அவங்களையே கேளுங்க."

மேலத்தெருப் பக்கம் இரண்டொருவர் தலை தானாக ஆடியது. பெரியவர் மட்டும், "கதை வுடுது சார்" என்றார்.

"கதையா இல்லையான்னு பாத்துருவோம்" என்றார் தாசில்தார். சங்கத்து அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். கைபம்புத் தண்ணீரை ஊற்றினோம். ஊசியைப் பாதி நிரப்பிப் படகை வைத்தேன். மிதந்தது. அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அண்டாவைக் கவிழ்த்தோம்.

"இப்பக் கொளத்துத் தண்ணி கொண்டாங்க" என்றார்.

யாரும் நகரவில்லை. எங்கள் தெரு ஆட்கள் இறங்கக் கூடாது. மேலத்தெரு ஆட்கள் எங்கள் அண்டாவுக்குத் தண்ணீர் சுமப்பதாவது? ஊர்த் தலையாரி வானத்தைப் பார்த்தார். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் கொண்டாங்கய்யா, எனக்குத் திருத்துறைப்பூண்டி போகணும்" என்றார்.

அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கினாள். மதகோரமாகப் போகவில்லை. சுற்றி நடந்து படித்துறைக்குப் போனாள். பெரியவர் நின்ற இடத்தைத் தாண்டி, ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்று குடத்தைச் சாய்த்தாள். நிரம்பியதும் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு மறுபடியும் மொண்டாள். தாசில்தார் உத்தரவு, யார் என்ன சொல்ல முடியும்? ஐந்து நடை நடந்தாள். ஐந்தாவது குடத்தில் அண்டா போதுமான அளவு நிறைந்தது. படகை வைத்தேன். பாதி நிரம்பிய அதே ஊசியோடு, எல்லோரும் பார்க்க, அது அடியில் போய் உட்கார்ந்தது.

தாசில்தார் எழுதத் தொடங்கினார். நான் அம்மாவைத் தேடினேன். அவள் மறுபடியும் படியிறங்கிக்கொண்டிருந்தாள். "போதும்மா, அண்டா நெறைஞ்சிருச்சு" என்று தலையாரி கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஆறாவது குடத்தை மொண்டு இடுப்பில் ஏற்றி, எங்களையெல்லாம் கடந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.